சுரைக்கொடி வந்த வீடு

ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்தைத் தாண்டி, பேருந்து வட்டமடித்துத் திரும்பிப் போகிற இடத்துக்கும் அப்பால் வரிசையாக நிற்கின்றனவே குடிசை மாற்று வாரியக் கட்டடங்கள், அவற்றில் கடைசிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து, ஓர் ஆடி மாதத்து விடியற்காலையில், சுரைக்கொடி ஒன்று கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே இறங்கியது. மழைத்தண்ணீர்க் குழாயைப் பற்றிக்கொண்டு எட்டாவது மாடியை எட்டிப் பார்த்தது, ஏழாவதை எட்டிப் பார்த்தது, ஆறையும் ஐந்தையும் நான்கையும் பார்த்துவிட்டு, மூன்றாவது மாடியில் கலைச்செல்வி வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குள் நுழைந்து, இரண்டு நாளாக மூட்டப்படாத அவள் அடுப்புக்கு நேர் மேலே முழங்கை நீளத்துக்கு ஒரு காயைத் தொங்கவிட்டது.

கலைச்செல்விக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. பிள்ளைகள் இரண்டும் கண் விழித்தால் முதலில் கேட்பது சோறுதான் என்று அவளுக்குத் தெரியும். சிறுவயதில் போலியோ வந்து சூம்பிய காலை இழுத்துக்கொண்டு தரையில் நகர்ந்து வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து, காயைத் திருகிப் பறித்து, அரிவாள்மணையில் நறுக்கி, உப்பும் ஒரு பச்சை மிளகாயும் போட்டு வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, தானும் சாப்பிட்டுக் கையைக் கழுவிய பிறகுதான், இது எப்படி இங்கே வந்தது என்று யோசித்தாள். யோசித்தும் ஒன்றும் புலப்படவில்லை, அதனால் தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள்.

கட்டடத்து ஜனங்களும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அவர்களுக்கு எதுவும் சொல்லிக்கொண்டு வந்ததில்லை. ஆற்றங்கரையில் குடிசை போட்டு மூன்று தலைமுறையாக இருந்தவர்களை ஒரு நாள் காலையில் ஜேசிபி வந்து எழுப்பியது, லாரி வந்து சட்டி பானையோடு ஏற்றியது, இருட்டுவதற்குள் இந்த எட்டு மாடியில் கொண்டுவந்து இறக்கியது. லிஃப்ட் வரும் என்றார்கள், அதன் கதவு மட்டும் வந்தது. பள்ளிக்கூடம் வரும் என்றார்கள், பெயர்ப்பலகை வந்தது. இப்படியெல்லாம் பார்த்துப் பழகியவர்களுக்கு, யாரும் வரும் என்று சொல்லாமலே ஒரு சுரைக்காய் வந்துவிட்டதில் என்ன பெரிய அதிசயம்? "பரவால்லியே, மேலேர்ந்து எறங்குதே, நம்ம லிஃப்ட்டுக்குத்தான் அந்தப் புத்தி வர்ல," என்று சொல்லிவிட்டு அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஐந்தாவது மாடி நவநீதம் மட்டும் அந்தச் செய்தியைக் கேட்டதும் தன் சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

நவநீதத்தைத் தெரியாதவர் அந்தக் கட்டடத்தில் கிடையாது. ஆற்றங்கரையில் அவளுடைய தள்ளுவண்டி இட்லிக்கடை இருந்தது. விடிவதற்கு முன்னால் ஆவி பறக்கும், அந்த ஆவியைப் பார்த்துத்தான் தெருவே எழுந்திருக்கும். காசுள்ளவன் காசு கொடுத்துச் சாப்பிட்டான், இல்லாதவன் வண்டிப் பக்கம் வராமல் சுற்றிப் போனான், அப்படிச் சுற்றிப் போகிறவனைத்தான் நவநீதம் முதலில் பார்ப்பாள். கூப்பிட மாட்டாள். கடை கட்டுகிற நேரத்தில் ஓர் இலையில் நான்கு இட்லியைச் சுருட்டிக்கொண்டு அவன் வாசலுக்குப் போய், "இந்தா, மீந்துபோச்சு, தூக்கிப் போட மனசு வரல, நீயாவது துன்னு," என்று ஏதோ தனக்கு உதவி செய்யச் சொல்கிற மாதிரி அலுத்துக்கொண்டே நீட்டுவாள். வாங்குகிறவன் தலை குனிய வேண்டியதில்லை. அவளுக்கு ஓர் உபகாரம் செய்தவன் மாதிரி நிமிர்ந்தே வாங்கிக்கொள்ளலாம்.

அந்த வண்டி ஜேசிபியின் நகத்தில் மாட்டித் தகரமாகிப் போனது. இங்கே வந்த பிறகு ஐந்து மாடி ஏறி இட்லி வாங்க யார் வருவார்? வீட்டு வேலைக்குப் போகலாமென்றால் வீடுகளெல்லாம் இரண்டு பேருந்து தூரத்தில் இருந்தன. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டுத் தனிக்கட்டையாக இருந்தவளுக்குச் சித்திரை மாதத்திலிருந்து அரிசிப் பானையின் அடி தெரிய ஆரம்பித்தது. ரேஷன் அரிசி பத்து நாளுக்கு வரும், அப்புறம் கஞ்சி, அப்புறம் கஞ்சித்தண்ணீர், அப்புறம் வெறும் தண்ணீர். ஊருக்கே சோறு போட்டவள் பட்டினி கிடக்கிறாள் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு உயிரோடு இருந்தும் பிரயோஜனமில்லை என்று அவள் நினைத்தாள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

அதனால் தினமும் காலையில் தாளித்தாள். வாணலியில் ஒரு கரண்டி எண்ணெய், கடுகு, ஒரு மிளகாய் வற்றல், மாடித் தோட்டத்துக் கறிவேப்பிலை. கடுகு படபடவென்று வெடிக்கும், கறிவேப்பிலை பொரியும், வாசனை கதவிடுக்கு வழியாக நடைபாதை முழுக்கப் போய் நிற்கும். தாளித்ததைக் கொட்ட அவளிடம் குழம்பும் இல்லை, ரசமும் இல்லை. எண்ணெயை ஆறவிட்டு வடிகட்டி மறுநாளைக்கு எடுத்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்து வெளியே வருவாள். "சாப்ட்டியாக்கா?" என்று யாராவது கேட்பார்கள். "ஓ, ஆச்சே," என்பாள், ஒரு ஏப்பத்தையும் சேர்த்து.

தோட்டம் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குடியிருப்புக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் நிறைய பேர் வந்திருக்கிறார்கள். தையல் வகுப்புக்கு வந்தவர்கள் கண் தெரியாத தனசேகரைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்கள். அழகுக்கலை வகுப்பில் திருநங்கை ரோஷினியைப் பார்த்து, இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். கணினி வகுப்பு ஆறாவது மாடியில் நடந்தது, கலைச்செல்வியால் ஏற முடியவில்லை. நவநீதம் எங்கே போனாலும் வயது தாண்டிவிட்டது என்றார்கள். கடைசியாக வந்தவள் ஹெலன் என்ற ஒல்லிப் பெண். மொட்டை மாடியில் காய்கறி போடக் கற்றுக்கொடுக்கிறேன் என்றாள், "முதல்ல எனக்கு வேற எந்த வகுப்பிலயும் சேத்துக்காதவங்கதான் வேணும்," என்றாள். கட்டடத்தில் அதற்கு மீந்துபோனவர்கள் வகுப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மீந்துபோனவர்கள் கலைச்செல்வியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேராக மாடிக்குத் தூக்கிப் போனார்கள். பூக்கட்டிப் பழகிய விரல் அவளுக்கு, கொடிக்குக் கயிறு முடிய அவளை விட்டால் ஆளில்லை. தனசேகர் இலையைத் தடவியே பூச்சி விழுந்ததைச் சொன்னான். சுரையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவினால்தான் காய் பிடிக்கும் என்று ஹெலன் சொன்னபோது, "இதுல நான் எந்தப் பூன்னு எவனாவது கேட்டீங்க, தலைல மண்ணக் கொட்டிருவேன்," என்றாள் ரோஷினி, மாடியே சிரித்தது. நவநீதம்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. ஹெலன் சொன்ன ஒன்று அவள் மனதில் அப்படியே பதிந்திருந்தது. கொடியின் நுனியைக் கிள்ளினால் அது நின்றுவிடாது, கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டாகக் கிளைத்துக்கொண்டு வரும் என்று சொல்லியிருந்தாள்.

அந்தச் சுரையை யார் நட்டது என்பது இன்றுவரை தீரவில்லை. நான் நடவில்லை என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள், மண்புழு உரத்தோடு விதை வந்திருக்கும் என்றாள் ஹெலன். எப்படியோ, கலைச்செல்வி வீட்டுக்குப் போன கொடி அங்கேயே நிற்கவில்லை. அடுத்த வாரம் ஏழாவது மாடியில் பெயின்ட் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவன் வீட்டுக்கு ஒரு கிளை போனது. அதற்கப்புறம் இரண்டாவது மாடியில், வேலைக்குப் போன பெண் காய்ச்சலில் படுத்துவிட்ட வீட்டுக்குப் போனது. போன வீட்டிலெல்லாம் ஒரே மாதிரி, அடுப்புக்கு நேர் மேலே ஒரு காய், மறுநாள் இன்னொரு காய், அந்த வீட்டில் உலை கொதிக்கத் தொடங்கியதும் கொடி மெல்லப் பின்வாங்கி வேறு ஜன்னல் தேடிப் போய்விடும். சாயங்காலமானால் வெள்ளைப் பூக்கள் விரியும். விடியற்காலையில் சுவரில் காதை வைத்தால் இலைகள் சிமென்ட்டில் உரசிக்கொண்டு நகர்கிற சரசரப்பு கேட்கும், அதைக் கேட்டவர்கள் கை தானாகவே கும்பிட்டுக்கொண்டது.

கும்பிட்ட கை சீக்கிரமே நடுங்கவும் ஆரம்பித்தது. கொடி எந்த வீட்டுக்குப் போகும் என்பது ஊருக்குப் புரிந்துவிட்டது அல்லவா? வயிறு காய்ந்த வீட்டுக்குத்தான் போகும். ஆக, எந்த ஜன்னலில் பச்சை தெரிகிறதோ அந்த வீட்டில் சோறில்லை. கீழே தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்த்தாலே போதும், யார் வீட்டு நிலைமை என்ன என்று சுவரில் எழுதி ஒட்டிய மாதிரி தெரிந்தது. குழாயடிச் சண்டையில் புதிய வசவு ஒன்று புறப்பட்டது. "போடி, கொடி வந்த வூட்டுக்காரி!" என்றால் எதிராளி அதற்கு மேல் பேச மாட்டாள், குடத்தைக்கூட விட்டுவிட்டுப் போய்விடுவாள்.

கொடியை ஏமாற்றப் பார்த்தார்கள். வெறும் பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டார்கள், கூழாங்கல்லைப் போட்டுக் கரண்டியால் கிளறினார்கள், பக்கத்து வீட்டு எச்சில் தட்டை வாங்கி வந்து ஜன்னலில் காயப்போட்டார்கள். கொடி எதையும் நம்பவில்லை. "ஆச்சு" என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் அந்த ஜனங்கள் காலம்காலமாக ஒளிந்துகொண்டிருந்தார்கள், சுரைக்கொடிக்கு மட்டும் அந்த வார்த்தை காதில் விழவே இல்லை.

குடியிருப்போர் சங்கத் தலைவர் பரந்தாமன் வீட்டில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். நான்காவது மாடி, வாசலில் பித்தளைப் பூட்டு, வெளுத்த வேட்டி, மனிதர் இருமினால்கூடக் கௌரவமாகத்தான் இருமுவார். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், கேசரிக்கும் பஜ்ஜிக்கும் சாமான் வாங்குவதற்காக வீட்டில் மூன்று பேரும் முந்தின இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேசரியில் முந்திரி இருக்கிறதா என்று கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாக வந்த கொடி நடுக்கூடத்தில் மின்விசிறிக் கம்பியைச் சுற்றிக்கொண்டு, அந்த அம்மாள் தலைக்கு மேலே, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பூத்துக் காய்த்துத் தொங்கியது. கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பரந்தாமன் அந்தக் காயைப் பறிக்கவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல், கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் அதிகாலையில் நவநீதம் கண் விழித்தபோது அவள் ஜன்னலில் ஒரு இலை தெரிந்தது. உள்ளங்கை அகலத்தில், பிறந்த குழந்தையின் காது மாதிரி மெல்லிய ரோமத்தோடு, பனி ஈரத்தோடு, அது கம்பிக்கு இடையில் தலையை நீட்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு முதலில் வந்தது கோபமில்லை. இத்தனை மாதத்தில் ஒரு ஜீவன் என்னைத் தேடி வந்திருக்கிறதே என்று கண் நிறைந்துவிட்டது. கை தானாக நீண்டது. அடுத்த நொடி கீழே லாரியின் ஹாரன் கேட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரே அண்ணாந்து பார்க்கும் என்ற நினைவு வந்தது, சமையலறைக் கத்தியை எடுத்து நுனியை நறுக்கி எறிந்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துக் கடுகைப் போட்டாள்.

மறுநாள் இரண்டு நுனி வந்தது. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஹெலன் சொன்னதை மற்றவர்களுக்குத் திருப்பிச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். மானம் கண்ணை மறைக்கும்போது கற்ற கல்வி எங்கே நினைவுக்கு வரும்? இரண்டையும் நறுக்கினாள், நான்கு வந்தது. நான்கையும் நறுக்கினாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். தினமும் இருள் பிரிவதற்குள் எழுந்து, ஜன்னலில் குவிந்து நிற்கிற பச்சைத் தலைகளை அழுதுகொண்டே அறுத்து, புடவையில் மூட்டை கட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டு வருவாள். ஒரு தடவைகூட ஒரு காயைப் பறித்து அவள் வாயில் வைக்கவில்லை. இடுப்பில் புடவை நிற்காமல் ஊக்குக் குத்திக்கொண்டாள். தாளிக்கும்போது வருகிற வாசனையில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரந்தாமன் மொட்டை மாடியில் கூட்டம் போட்டார். கட்டடமே ஏறி வந்திருந்தது. கலைச்செல்வியை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். சுரையின் அடித்தண்டு செடிப்பையைக் கிழித்துக்கொண்டு, ஓர் ஆளின் தொடைப் பருமனுக்கு, தளத்தின் விரிசலுக்குள் வேரை இறக்கி நின்றது. அதிலிருந்து நான்கு பக்கமும் பிரிந்து ஓடுகிற கிளைகளை எல்லாரும் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார்கள்.

பரந்தாமன் தொண்டையைச் செருமினார். "இது நல்லதுக்குத்தான் வந்துச்சு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம வூட்டு விஷயம் நம்ம வூட்டோட இருக்கணும். வேரோட எடுத்துருவோம்."

"நானே எடுக்கறேன்," என்று நவநீதம் எழுந்துவிட்டாள். அரிவாளைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். "எல்லாரையும் சந்தி சிரிக்க வைக்குது இது. யாருக்குப் பசின்னாலும் எங்கிட்ட வந்து கேக்கட்டும். நான் மாட்டேன்னா சொல்லிருவேன்?" அந்த நிலைமையிலும் அவள் அதைப் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை, பாருங்கள்.

"பிடுங்குக்கா," என்றாள் கலைச்செல்வி நாற்காலியிலிருந்து. "பிடுங்கிட்டு, நாளைக்குக் காலைல என் புள்ளைங்களுக்கு இன்னா குடுக்கறதுன்னு சொல்லிட்டுப் போ. கேக்கணுமாமே, கேக்கறது அவ்ளோ சுலுவா? ஆத்தங்கரைல நான் ஒரு நாளாவது உங்கிட்ட வாயத் தொறந்து கேட்டுருக்கனா? நீதானே மீந்துபோச்சுன்னு கொண்டாந்து குடுப்ப."

நவநீதம் போய்த் தண்டைப் பிடித்துக் குனிந்து அரிவாளை வைத்தாள். அப்போது தனசேகர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிளைகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே அவள் பக்கமாக வந்துகொண்டிருந்தான். அவளுடைய எதிர் வீட்டுக்காரன் அவன், மின்சார ரயிலில் ஊதுவத்தி விற்கிறவன்.

"இது கத்தி," என்றான் ஒரு வெட்டைத் தடவி. இன்னும் இரண்டு அடி நகர்ந்தான். "இது பிளேடு. இது அருவாமணை. தோ, இதுவும் பிளேடுதான், வேற கை. இது கத்தரிக்கோல்." ஓரிடத்தில் விரல் நின்றது, திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தான். "அடப்பாவமே, இத யாரோ பல்லாலயே கடிச்சிருக்காங்க."

ஜன்னல்களில் அறுபட்டு மாடிக்கே பின்வாங்கி வந்திருந்த கொடியில் கிளைக்குக் கிளை வெட்டு இருந்தது. என் வீட்டுக்கு மட்டும்தான் வந்தது என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் அறுத்துப்போட்டவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பரந்தாமன் தன் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது மாடிக்காரி ஒருத்தி உதட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

தனசேகர் வந்து நவநீதத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, தண்டின் மேலிருந்த அவள் கையைத் தேடிப் பிடித்தான். அவளுக்கு மட்டும் கேட்கும்படியாகச் சொன்னான். "அக்கா, டெய்லி காலைல ஒன் வூட்லேர்ந்து தாளிக்கிற வாசன வருது. கடுகு வெடிக்கிறதும் கேக்குது. தாளிச்சத கொட்னா சொய்ங்னு ஒரு சத்தம் வரும் பாரு, அது மட்டும் வர்றதே இல்ல."

நவநீதம் அப்படியே செடிப்பையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "எப்பலேர்ந்து தெரியும்?"

"சித்திரைலேர்ந்து."

"யார்கிட்டயாவது சொன்னியாடா?"

"ஆத்தங்கரைல எனக்கு நீ குடுத்த இட்லிய மீந்துபோனதுன்னு சொல்லித்தான் குடுத்த. மீந்துபோன இட்லி கைய சுடுமாக்கா? அத நான் யார்கிட்டயாவது சொன்னனா?"

அவள் அவனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியாது, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை வந்தது, அதைத் தள்ளிக்கொண்டு ஒரு சிரிப்பு வந்தது. இத்தனை காலம் தான்தான் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்தாளே, ஊர் எத்தனை பக்குவமாக ஏமாந்து கொடுத்திருக்கிறது! வாங்குகிறவன் தலை குனியாமல் கொடுப்பது எப்படி என்பது இந்தக் கொடிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்குச் சோறு போடத் தெரிந்திருக்கிறது, மீந்துபோச்சு என்று சொல்லத் தெரியவில்லை. அது தெரிந்தவள் இங்கே ஒருத்தி இருக்கும்போது கொடியைக் கோபித்து என்ன பயன்?

அரிவாளைத் தூரப் போட்டுவிட்டு எழுந்தாள். வண்டிக் கடையில் கூட்டம் முட்டும்போது வருமே, அந்தக் குரல் வந்தது. "ரோஷினி, கயிறு கீதா?"

"கீதுக்கா. எவன் கழுத்துக்கு?"

"கொடிக்குடி. கலை, நீ முடிச்சுப் போடு. ஒரு வூட்டு ஜன்னல் விடக் கூடாது, எல்லாத்துக்கும் கயிறு எறக்கணும். மேல் மாடி, கீழ் மாடி, பூட்டிக் கெடக்கற வூடு, எல்லாத்துக்கும். தலைவரே, ஒங்க வூட்டுக்கு ரெண்டு."

"எனக்கா?" பரந்தாமன் பதறினார். "எங்க வூட்ல ஒண்ணும்..."

"ஒங்க வூட்டுக்கு வேணுமான்னு யாரு கேட்டா? கொடி மீந்துபோச்சு தலைவரே, தூக்கிப் போட மனசு வரல. நீங்களாவது நாலு முழம் வாங்கிக்கங்க."

அவருடைய கண்கள் நிறைந்துவிட்டன. பிறகு வெளுத்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார்.

அத்தனை வீட்டுக்கும் இருந்தது கொடி. எத்தனை ஜன்னலோ அத்தனை நுனி இருந்தது. வெட்கப்பட்டு வெட்கப்பட்டு அவரவர் அறுத்த இடத்திலெல்லாம் இரண்டு இரண்டாகக் கிளைத்து, அந்தக் கட்டடம் முழுவதற்கும் போதுமான கொடியை அவர்களே வளர்த்து வைத்திருந்தார்கள். கலைச்செல்வி முடிச்சுப் போடப் போட, ரோஷினி கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து படுத்துக் கயிற்றை இறக்கினாள், அதற்குள் படியிறங்கி ஓடியவர்களின் கைகள் ஒவ்வொரு மாடியிலும் ஜன்னலுக்கு வெளியே நீண்டு வாங்கிக்கொண்டன. தனசேகர் நுனிகளைத் தடவிப் பார்த்து, இது பிஞ்சு, மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டே கயிற்றில் ஏற்றிவிட்டான். ஹெலன் ஒரு பக்கமாக நின்று வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள், அவள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அங்கே நடந்துகொண்டிருந்தது, அவள் சொல்லிக்கொடுக்காததும் நடந்துகொண்டிருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் பூக்கள் விரிந்தன. ஒரு ஜன்னல், இரண்டு ஜன்னல் இல்லை, தரையிலிருந்து எட்டாவது மாடி வரைக்கும், நான்கு பக்கச் சுவரிலும், சிமென்ட்டே தெரியாதபடி இலை மூடி, அந்த இலைகளுக்கு மேலே ஆயிரமாயிரம் வெள்ளைப் பூக்கள் ஒரே சமயத்தில் வாய் திறந்தன. பேருந்து வட்டமடிக்கிற இடத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். சதுப்பு நிலத்துக் கொக்குகள் இரை எடுப்பதை விட்டுவிட்டுக் கழுத்தைத் திருப்பின. கீழே நின்றிருந்த ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். எந்த வீட்டில் சோறு இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கொடி வராத வீடே அங்கே இல்லை. இந்தக் கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அதைத் தங்கள் வீடு என்று அவர்கள் நினைத்தார்கள், சிலர் வாய்விட்டுச் சொல்லவும் செய்தார்கள்.

கொடி தன் வழக்கத்தை விடவில்லை. வயிறு நிறைந்த வீட்டு ஜன்னலில் இலையும் பூவும் மட்டும் விட்டது, காய்ந்த வீட்டு அடுப்புக்கு மேலே காயை விட்டது. அந்தக் காய் வீட்டுக்குள்ளே தொங்கியதால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. மறு மாதம் பரந்தாமன் மகளைப் பார்க்க வேறொரு குடும்பம் வந்தது. ஜன்னலெல்லாம் கொடியாக இருக்கிறதே என்று அவர்கள் கேட்க, "அழகுக்கு வளக்கறோம்," என்றார் அவர் கௌரவமாக இருமிக்கொண்டே. குழாயடியில் பழைய வசவை எடுத்த ஒருத்தியைப் பார்த்து, "ஒன் வூட்ல இன்னா, வாழ மரமா வந்துக்கீது?" என்று கேட்டாளாம் ரோஷினி. அதோடு அந்த வசவு செத்தது.

அதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை, பூக்கள் விரிந்த பிறகு, நவநீதம் படியிறங்கித் தன் வீட்டுக் கதவைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். அடுப்புக்கு நேர் மேலே, இத்தனை நாள் அறுத்தெறிந்தும் கோபமில்லாமல், காய் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டாள். குளிர்ச்சியாக இருந்தது. நகத்தால் கீறினாள், பால் மாதிரி ஈரம் கசிந்தது. "வா," என்றாள் அதனிடம், இரண்டு கையாலும் ஏந்திப் பறித்தாள்.

தோல் சீவி, துண்டு துண்டாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தாள். வெந்துகொண்டிருக்கும்போது வாணலியை வைத்தாள். பழைய எண்ணெய், கடுகு, ஒரு மிளகாய் வற்றல், கறிவேப்பிலை. கடுகு வெடித்தது, வாசனை கதவிடுக்கு வழியாக வழக்கம்போல நடைபாதைக்குப் போனது. வாணலியை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு நிமிஷம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்று, பிறகு கவிழ்த்தாள்.

சொய்ங் என்றது.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. தடி தட்டுகிற சத்தம் வாசல் வரைக்கும் வந்து நின்றது.

"சாப்ட்டியாக்கா?" என்றான் தனசேகர்.

"ஆச்சு" என்ற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நவநீதம் அதை விழுங்கினாள்.

"இன்னும் இல்லடா தனா," என்றாள். "பசிக்குது. வா, சேந்து சாப்டலாம்."